லேத்தில் முதல் மரக்கிண்ணம்: பினாங்கு வீட்டுப் போர்ச்சில் தொடங்குகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிண்ணம் கடையப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, உளியை எப்படிப் பிடிக்கணும்?" என்றுதான். என் போர்ச்சில் பறந்த கிண்ணங்களையும் பிளந்த கிண்ணங்களையும் வைத்துச் சொல்கிறேன்: பாதிக்கு மேல் கெட்டது சுவிட்சைப் போடுவதற்கு முன்பே. மரத்தைத் தவறாகத் தேர்ந்திருப்பார்கள், ஸ்குரு சரியாக ஏறியிருக்காது, வேகம் அதிகமாக இருந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் உளி வருவதற்குக் கொஞ்சம் நேரமாகும். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் கிண்ணத்துக்கு ஆறு அங்குல விட்டம், இரண்டரை அங்குல உயரம் போதும்; கீழே வரும் அளவுகளெல்லாம் அதற்கானவை.

1. கையில் இருக்க வேண்டியவை

பத்து அல்லது பன்னிரண்டு அங்குல ஸ்விங் உள்ள மேசை லேத் தாராளம். ஸ்விங் என்பது லேத்தின் படுக்கைக்கு மேல் சுற்றக்கூடிய மிகப் பெரிய வட்டத்தின் விட்டம். குமிழைத் திருகி வேகத்தை மாற்றும் வகையாகப் பாருங்கள். பெல்ட் மாற்றும் வகையில், மூடியைத் திறக்கச் சோம்பல்பட்டுத் தவறான வேகத்திலேயே வேலையை முடிக்கப் பார்ப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மோட்டார் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். லேத்தின் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மரை அளவையும் குறித்து வையுங்கள். சிறிய லேத்துகளில் பெரும்பாலும் ஓர் அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு எட்டு மரை. கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக் வாங்கும்போது இது பொருந்தாவிட்டால் சக் வெறும் இரும்புக் கட்டிதான்.

உளிகளில் உண்மையில் வேண்டியவை மூன்று: ஒரு பவுல் கவுஜ் (தண்டில் நீளக் குழி ஓடும் உளி), ஒரு வட்டமூக்கு ஸ்கிரேப்பர் (சுரண்டும் உளி), ஒரு பார்ட்டிங் உளி (காடி வெட்டும் ஒல்லி உளி). எட்டு உளி சேர்ந்த மலிவு செட் வேண்டாம். அதில் அகலமான, பிறைபோல் வளைந்த ரஃபிங் கவுஜ் ஒன்று இருக்கும். அது நீளக் கட்டைகளுக்கானது. கைப்பிடிக்குள் நுழையும் அதன் வால் மெல்லிய தகடு. கிண்ணத்தில் வைத்தால் ஒரே அடியில் அந்த இடத்தில் ஒடிந்து முகத்துக்கு வரும். பெரிதாக இருக்கிறதே, வலுவாக இருக்கும் என்று நினைத்து அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். செட் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அதில் சிவப்பு டேப் சுற்றித் தனியே வையுங்கள்.

இவை தவிர நான்கு தாடைச் சக் ஒன்று, மூன்று அங்குல ஃபேஸ்பிளேட் (கட்டையை ஸ்குரு போட்டுப் பூட்டும் இரும்புத் தட்டு) ஒன்று, கனம் அளக்கக் காலிப்பர், சாணைக்கு ஒரு மெதுவேகக் கிரைண்டர், அதில் உளியை ஒரே கோணத்தில் பிடிக்கும் ஜிக். ஜிக்குக்குச் செலவழிக்கத் தயங்கி, இரண்டாவது உளிக்குச் செலவழிப்பவர்கள் நிறைய. கூர் இல்லாத இரண்டு உளியைவிடக் கூரான ஒன்று மேல்.

முகம் முழுவதையும் மூடும் கவசம் வேண்டும். வெறும் கண்ணாடி போதாது. புகைமூட்டக் காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் என்-95 மாஸ்க் இருந்தால் அதை எடுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துவிட்டது.

2. உடம்பில் இருக்கக் கூடாதவை

கையுறை கூடாது. மற்ற வேலைகளில் பாதுகாப்பு தருவது இங்கே விரலை இழுத்துக்கொண்டு போகும். முழுக்கைச் சட்டை, தொங்கும் சங்கிலி, வளையல், மோதிரம் எல்லாவற்றுக்கும் இதே காரணம்.

கோயிலில் கட்டிய கயிற்றுக்கும் அதே காரணம்தான். கழற்ற மனம் வராதவர்கள் மணிக்கட்டில் இறுக்கமான பட்டை போட்டு அதை முழுக்க மூடிவிடுங்கள். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டு, மேலே கழுத்துவரை மூடிய ஏப்ரன். முடியைக் கொண்டை போட வேண்டும், பின்னல் போதாது. வீட்டில்தானே என்று கைலியோடும் சிலிப்பரோடும் நிற்காதீர்கள்.

3. மரம்

மூன்று அங்குலத் தடிமனில் நன்றாகக் காய்ந்த கட்டை இங்கே சுலபமாகக் கிடைக்காது, கிடைத்தாலும் விலை. பழகுவதற்குப் பச்சை மரமே நல்லது. உளிக்கு மெத்தென்று இருக்கும், தூள் பறக்காது, சீவல் நீளமாக வரும். அது காயும்போது கோணும். அதற்கு என்ன செய்வது என்று பத்தாம் பகுதியில் வருகிறது.

முதல் மரமாக மாமரம் எடுங்கள். பலாவும் நல்ல மரம்: மஞ்சளாக வந்து, நாளாக ஆகப் பழுப்பாகும். பச்சையாக இருக்கும்போது பால் ஒட்டும், அவ்வளவுதான். தூங்குமூஞ்சி மரம் பெரிய கிண்ணங்களுக்கு அருமை. பினாங்கில் சாலையோரங்களில் நிற்கும் அங்சானாவும் கடைய ஏற்றது. அதன் சீவலைத் தண்ணீரில் போட்டு வெயிலில் பாருங்கள், தண்ணீர் நீலமாக மினுங்கும்.

கித்தா (ரப்பர்) மரம் வெட்டிய சில நாளிலேயே நீலம் பூத்துவிடும். பலகைக் கடையில் வருவது மருந்தேற்றி உலர்த்தியது. தோட்டத்திலிருந்து நேரே வந்த கட்டையை அன்றைக்கே கடைய முடியாதவர்கள் தொட வேண்டாம். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். கடின மரங்களான செங்கால், புளி இரண்டும் கை பழகிய பிறகு. தென்னை வேண்டவே வேண்டாம்: கடினமான நாரும் மெத்தென்ற சதையும் மாறி மாறி வந்து உளியைத் தட்டும்.

ரெங்காஸ் மரத்தின் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும். என்ன மரமென்று தெரியாத, கறுப்பாகப் பால் வடிந்த கட்டையை எடுக்காதீர்கள். மாமரமும் ரெங்காஸின் குடும்பம்தான். மாங்காய்ப் பால் பட்டால் அரிக்கிறவர்கள் பலாவில் தொடங்கலாம்.

மழைக்குச் சாய்ந்த சாலையோர மரம் மாநகர் மன்றத்துடையது. வெட்டும் குத்தகைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். துண்டின் நீளம் அதன் விட்டத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக இருக்கட்டும், ஏனென்றால் வெட்டு முனைதான் முதலில் வெடிக்கும், அதை அறுத்துத் தள்ள இடம் வேண்டும். இரண்டு முனைக்கும் அன்றைக்கே மெழுகோ பழைய சுவர்ப் பெயின்டோ பூசிவிடுங்கள். நாளைக்குப் பூசலாம் என்று விட்ட கட்டையில் மறுநாளே மயிரிழை வெடிப்பு தெரியும்.

4. வட்டக் கட்டை அறுப்பது

துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். வளையங்களின் நட்ட நடுவிலுள்ள சோறு எந்தப் பாதியிலும் மிஞ்சக் கூடாது. அதன் இரு பக்கமும் அரை அங்குலமாவது கழித்துவிடுங்கள். அது உள்ளே இருந்தால் கிண்ணம் காயும்போது அந்தப் புள்ளியிலிருந்து வெடிக்கும். பசை, மெழுகு எதுவும் அதைத் தடுக்காது.

பிளந்த தட்டை முகத்தில் வட்டம் போட்டு பேண்ட்சாவில் (பட்டை ரம்பம்) அறுங்கள். பேண்ட்சா இல்லாதவர்கள் மூலைகளைக் கழித்து எட்டுப் பட்டையாக்கினால் போதும். சதுரமாக ஏற்றாதீர்கள், மூலை ஒவ்வொன்றும் சுத்தியல்.

இப்போது கட்டையைக் கையில் பிடித்து விரல்கணுவால் தட்டுங்கள். கணீரென்றால் சரி. ஓரிடத்தில் மட்டும் சத்தம் செத்துப்போனால் உள்ளே வெடிப்பு. நகம் சிக்கும் வெடிப்பு கண்ணில் பட்டால் அந்தக் கட்டை விறகுக்கு.

5. ஃபேஸ்பிளேட்டில் ஏற்றுவது

கிண்ணத்தின் வாயாக வரப்போகும் தட்டை முகத்தில்தான் ஃபேஸ்பிளேட். அந்தப் பக்கம் எப்படியும் குடைந்து வெளியேறப்போகிறது, ஸ்குரு ஓட்டைகளும் அதோடு போய்விடும். புதியவர்கள் அடிப்பக்கத்தில் பூட்டிவிட்டு, பிறகு ஓட்டையை எப்படி மறைப்பது என்று கேட்பார்கள்.

ஆறு ஸ்குரு, மரத்துக்குள் முக்கால் அங்குலம் இறங்க வேண்டும். ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்பு ஸ்குரு கூடாது. அது நெகிழாது, பக்கவாட்டில் உதை விழுந்தால் தலை தெறிக்கும். தடித்த மர ஸ்குரு வாங்குங்கள். முகம் தட்டையாக இல்லாமல் ஆடினால் முதலில் இழைப்புளியால் சமன் செய்யுங்கள். ஸ்குருவை இறுக்கி ஆட்டத்தை நிறுத்திவிட்டதாக நினைப்பது தப்பு. ஐந்து நிமிடத்தில் மறுபடி லூசாகும்.

ஃபேஸ்பிளேட்டை ஸ்பிண்டிலில் கடைசி வரை திருகுங்கள். இடையில் சீவல் துணுக்கு இருந்தால் கட்டை நேராக உட்காராது.

6. சுவிட்சுக்கு முன்

லேத்தின் மறுமுனையிலிருந்து முட்டுக்கொடுக்கும் டெயில்ஸ்டாக்கைக் கொண்டுவந்து கட்டையின் நடுவில் முட்டவிட்டுப் பூட்டுங்கள். அடிப்பக்கத்தை வெட்டி முடிக்கும்வரை அது அங்கேயே இருக்கும். ஸ்குரு விட்டுப்போனாலும் கட்டை பறக்காமல் காப்பது அதுதான்.

உளியைத் தாங்கும் டூல்ரெஸ்ட்டைக் கட்டைக்குக் கால் அங்குலம் தள்ளி வைத்து, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் இடிக்கக் கூடாது. கட்டை குறையக் குறைய இடைவெளி கூடும். லேத்தை நிறுத்திவிட்டு டூல்ரெஸ்ட்டை மறுபடி கிட்டே தள்ளுங்கள். ஓடும்போதே தள்ளுவது வேண்டாம்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் வர வேண்டும். ஆறு அங்குலத்துக்கு அது 1000 முதல் 1500. இது வட்டமாகிவிட்ட கட்டைக்கான கணக்கு. கரடுமுரடாக இருக்கும்போது லேத்தின் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, லேத் நடுங்காத அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். சுவிட்சைப் போடும்போது குமிழ் கீழே இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். நேற்று மெருகு போட்ட வேகத்திலேயே அது நின்றிருக்கலாம்.

சுவிட்ச் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். பறக்கும் கட்டை, சுற்றும் தளத்தில்தான் பறக்கும். போர்ச்சில் அந்தத் திசையில் காரோ பிள்ளைகளோ பக்கத்து வீட்டு வேலியோ இருந்தால் லேத்தைத் திருப்பிப் போடுங்கள். இந்தக் காரணத்துக்காகவே என் லேத் சுவரைப் பார்த்து நிற்கிறது.

7. வெளிப்புறம்

இனி உளி. வரிசை இதுதான்: உளியின் தண்டு முதலில் டூல்ரெஸ்ட்டில் படும். பிறகு கூர்முனைக்குப் பின்னாலுள்ள சாய்முகம் சுற்றும் மரத்தில் உரசும், இன்னும் வெட்டாது. அதன் பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் கூர் மரத்தைத் தொட்டு வெட்ட ஆரம்பிக்கும். முனை நேரே மரத்தில் பட்டால் மரம் உளியைக் கீழே இழுத்து டூல்ரெஸ்ட்டில் அடிக்கும். கேட்ச் என்பது அதுதான். டம் என்று ஒரு சத்தம், தோள்வரை ஓர் அதிர்ச்சி, கட்டையில் பிறைபோல் ஒரு பள்ளம்.

உளியின் குழி வானத்தைப் பார்க்கக் கூடாது. போகும் திசைப் பக்கம் 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். நேரே மேலே பார்த்தால் பின்பக்கத்து இறக்கை, அதாவது கூரின் பக்க ஓரம், மரத்தில் மாட்டும். கேட்ச் விழுந்தவுடன் லேத்தை நிறுத்திவிட்டு உளியைப் பாருங்கள். நான் பார்த்தவரை பத்தில் எட்டுத் தடவை குழி வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பார்த்த பிறகு ஸ்குருவை ஒருமுறை சோதியுங்கள்.

வெளிப்புறத்தை அடியிலிருந்து வாய்ப்பக்கம் வெட்டுங்கள், அதாவது சிறிய விட்டத்திலிருந்து பெரிய விட்டத்துக்கு. இந்தத் திசையில் வெட்டுப்படும் ஒவ்வொரு நாருக்கும் பின்னால் இன்னொரு நார் தாங்கலாக இருக்கும். எதிர்த் திசையில் போனால், ஈர்க்குமாற்றின் நுனியை நறுக்கும்போது ஓரத்து ஈர்க்கு துணையில்லாமல் மடங்குமே, அதுபோல நார் மடங்கிப் பிய்ந்துகொண்டு வரும்.

சுற்றும் கிண்ணத்தில் எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும் சொரசொரப்பு நிற்கும். நார் நுனி வெளியே தெரியும் இடங்கள் அவை. அதை அழுத்தி வெட்டிச் சரி செய்ய முடியாது. உளியைச் சாணை பிடித்து வந்து, மயிரிழைக் கனத்துக்கு மெதுவாக ஒரு வெட்டு ஓட்டுங்கள். சீவல் சுருளாக வராமல் தூளாக விழுந்தாலும், கை தானாக அழுத்த ஆரம்பித்தாலும் கூர் போய்விட்டது என்று பொருள். புது உளி பெட்டியிலிருந்து வரும்போதே கூராக இருக்காது. முதல் வேலையே சாணைதான்.

8. டெனன்

சக் கவ்வுவதற்கு அடியில் ஒரு குட்டை உருளை விட வேண்டும், அதுதான் டெனன். விட்டம், கிண்ணத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. இங்கே 55 மில்லிமீட்டர் வையுங்கள். காய்ந்த பிறகு திரும்பச் சீவ அந்தக் கூடுதல் வேண்டும். உயரம் ஐந்தாறு மில்லிமீட்டர்.

டெனனின் நுனி சக்கின் அடியில் முட்டக் கூடாது. அதன் தோள் மட்டும் தாடைகளின் மேல்முகத்தில் பதிய வேண்டும். கிண்ணம் ஆடாமல் நிற்பது அந்தத் தோளால்தான், தாடையின் இறுக்கத்தால் மட்டும் அல்ல. தோளும் டெனனும் சேரும் மூலையில் பிசிறு இல்லாமல் பார்ட்டிங் உளியால் சுத்தமாக வெட்டுங்கள். வட்டமான மூலையில் தாடை ஏறி உட்கார்ந்து, பாதிக் குடைவில் கிண்ணம் கழன்று வரும்.

லேத் ஓடும்போதே டெனனின் நடுவில் உளி நுனியால் சிறு குழி ஒன்று போட்டுவிடுங்கள். பின்னால் தேவைப்படும்.

9. குடைவது

ஃபேஸ்பிளேட்டைக் கழற்றி, கட்டையைத் திருப்பி, டெனனைச் சக்கில் இறுக்குங்கள். இரண்டு சாவித் துளைகளிலும் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுச் சுவிட்ச் போடுகிறவர் எல்லாப் பட்டறையிலும் ஒருவர் உண்டு.

உள்ளே திசை தலைகீழ்: வாய் ஓரத்திலிருந்து நடுவுக்கு. ஆனால் நேரே ஓரத்தில் ஆரம்பிக்காதீர்கள். நடுவில் சின்னக் குழியாகத் தொடங்கி, ஒவ்வொரு வெட்டிலும் ஓரத்தை நோக்கி விரித்துக்கொண்டு வாருங்கள்.

உளி மரத்தில் நுழையும் கணம்தான் சிக்கல். சாய்முகத்துக்கு உரச இடம் இல்லாததால் உளி வழுக்கி வாய் ஓரத்தின் குறுக்கே ஓடும். அழகாக வந்த வெளிப்புறத்தில் சுருள் கோடு விழும். பார்ட்டிங் உளியால் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு வட்டக் காடி ஒன்று போட்டு, அதில் உளியை நுழையுங்கள். நுழையும்போது குழி நேரே நடுப்பக்கம் பார்க்கட்டும். வெட்டு பிடித்த பிறகு மெல்ல மேலே திருப்பலாம்.

ஆழத்தை அடிக்கடி அளந்துகொள்ளுங்கள். வாயின் குறுக்கே ஒரு நேர்க்கட்டையை வைத்து நடுவில் பென்சிலை இறக்கினால் போதும். வெளி உயரத்தில் டெனனைக் கழிக்க மறந்துவிடுவார்கள். அப்படித்தான் அடியில் ஓட்டை விழுகிறது.

அடி வளைவில் கவுஜ் சரியாக வராவிட்டால் ஸ்கிரேப்பர் எடுங்கள். உள்ளே அதன் கைப்பிடி கூரைவிட உயரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் மாட்டினாலும் வெற்றிடத்துக்குப் போகும்.

10. காய வைப்பது

பச்சை மரத்தில் சுவர்க் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, இங்கே 15 மில்லிமீட்டர். எல்லா இடத்திலும் ஒரே கனம், அடியும் சேர்த்து. ஓரிடம் தடித்திருந்தால் அது மெதுவாகக் காய்ந்து மெல்லிய பக்கத்தைக் கிழிக்கும்.

நார் நுனி தெரியும் பக்கங்களுக்கு மெழுகு பூசி, காகிதப் பையில் போட்டு, காற்றாடி நேரே படாத அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவதும் அப்படியே. மாமரத்தில் சாம்பல் நிறக் கறை ஓடினால் கவலைப்பட வேண்டாம், சில நேரம் அதுவே அழகாகத் தெரியும்.

அடியில் தேதியையும் எடையையும் எழுதி, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்று மூன்று நான்கு வாரம் அப்படியே இருந்தால் காய்ந்துவிட்டது. சில மாதங்கள் ஆகும். தீபாவளிக்குப் பிறகு கடைந்து வைப்பது நல்ல கணக்கு, ஏனென்றால் பினாங்கில் மழை குறைந்த மாதங்கள் தைப்பூசத்தை ஒட்டித்தான் வருகின்றன. ஏர்கோன் அறையில் வைக்கப்போகும் கிண்ணமானால் கடைசி ஓரிரு வாரம் அந்த அறையிலேயே கிடக்கட்டும்.

காய்ந்த கிண்ணம் முட்டை வடிவமாகியிருக்கும், டெனனும்தான். அதை அப்படியே சக்கில் கவ்வக் கூடாது. இரண்டு இடத்தில் மட்டும் பிடித்து மற்ற இடத்தில் தொங்கும். சக்கில் ஒரு மரக்கட்டையைப் பூட்டி, அதன்மேல் கிண்ணத்தின் உட்பக்கத்தைக் கவிழ்த்து, டெனன் நடுவில் போட்ட சிறு குழியில் டெயில்ஸ்டாக்கை முட்டவிடுங்கள். டெனனை மறுபடி வட்டமாகச் சீவுங்கள், 50 மில்லிமீட்டர் வரும். இனி சக்கில் கவ்வலாம்.

முதலில் வெளிப்புறம், பிறகு உட்புறம். உள்ளே வாய் ஓரத்து இரண்டு விரற்கடையை முழுக்க முடித்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். மெல்லிதான பிறகு ஓரம் அதிரும், திரும்பப் போய் உளி வைத்தால் பிளந்துவிடும்.

11. உப்புத்தாள்

80, 120, 180, 240, 320 என்று வரிசையாக. நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் எண்ணெய் போட்டவுடன் பளிச்சென்று தெரியும். வேகத்தைப் பாதியாக்குங்கள், டூல்ரெஸ்ட்டைக் கழற்றிவிடுங்கள், தாள் எப்போதும் கிண்ணத்தின் கீழ்ப்பாதியில். தாளை விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது. கொடியில் துணி காயும் நேரத்தில் தொடங்கினால் பக்கத்து வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

12. அடியும் எண்ணெயும்

மறுபடி அதே கவிழ்த்த நிலைக்கு வாருங்கள், இம்முறை இடையில் மெத்தென்ற துணி. டெனனைச் சீவி, அடியை நடுவில் சற்றே குழிவாக்குங்கள். மரம் பின்னால் கொஞ்சம் அசைந்தாலும் கிண்ணம் ஓரத்தில் நின்று ஆடாது. டெயில்ஸ்டாக் முனையில் மிஞ்சும் குமிழை உளியால் கையாலேயே செதுக்கிவிடலாம்.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். இரண்டும் மரத்துக்குள் இறுகாது, நாளானால் சிக்கு வாடை வரும். உணவுக்கு ஏற்ற மினரல் ஆயிலில் தேன்மெழுகைக் கரைத்துப் பூசுவது எளிது. மங்கும்போது மறுபடி பூசலாம். இறுகும் எண்ணெய் வேண்டுமென்றால் டங் ஆயில். அடுத்த பூச்சுக்கு முன் முழுக்கக் காய விடுங்கள், இந்த ஈரத்தில் அதற்கு நேரம் பிடிக்கும். சாம்பார், ரசம் ஊற்றும் பாத்திரமாக இதை நினைக்காதீர்கள். முறுக்கு, பழம், வறுத்த கடலைக்குச் சரி. சோப்பு போட்டுக் கழுவி உடனே துடைத்துவிடுங்கள், ஊற வைக்காதீர்கள்.

டங், ஆளி எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. இறுகும்போது வெளிவரும் சூடு சுருளுக்குள் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். போர்ச்சுக் கம்பியில் விரித்துப் போட்டு, விறைப்பான பிறகு எறியுங்கள்.